தலையின் நிழல்

ஒரு செவி மட்டும் கேளாதவனைச் செவிடன் என்று எவரும் சொல்வதில்லை. அவனுக்கென்று நம் மொழியில் வேறு பெயர் வழங்கவும் காணோம். கால் வழங்காதவருக்குப் பஸ்ஸில் இடம் விட்டெழுகின்ற உலகம், இவனிடத்தே குறையொன்றும் காணாமல், பக்கத்தில் அமர்ந்து பேசிப் பார்க்கிறது. மறுமொழி வராவிடத்து, தலைக்கனம் பிடித்த மனிதன் என்று எண்ணி எழுந்துபோய்விடுகிறது. நான்கு ஆண்டுகளாக நான் அத்தகைய தலைக்கனக்காரருள் ஒருவன். என் இடச்செவி முற்றாகக் கேளாது. வலச்செவி குறைவின்றிக் கேட்கும். அண்மையிலே, என்பின் வழியாக ஒலியைக் கடத்தும் கேட்கும் கருவி ஒன்றை இரண்டு வாரகாலம் அணிந்து பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வகுப்பறையில் நின்று தொழில் புரிவோர் பலர் இப்பக்கத்தைப் படிப்பவராதலின், நான் கண்டதை அவர்களுக்குச் சொல்லலாமென்று துணிந்தேன்.

இழப்பு நேர்ந்த விதம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. ஒருநாள் அதிகாலையில் எழுந்தபோது இடச்செவியில் ஓயாத இரைச்சல், தலை சுழன்றது, தொலைபேசியை அச்செவியில் வைத்தால் வெறும் மௌனம். வலியில்லை, காய்ச்சலில்லை. உட்செவியும் நரம்பும் திடீரெனச் செயலிழக்கும் நோய் இதுவென்றார் வைத்தியர். சில மணித்தியாலங்களிலிருந்து மூன்று நாட்களுக்குள் வந்து முடிந்துவிடும் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் புலப்படுவதில்லை. ஸ்ரெரோயிட் மருந்தை உடனே தொடங்கினால் சிலருக்குச் செவி மீள்வதுண்டு. நாட்கள் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு அருகிவிடும். எனக்கு மறுநாளே மருந்து தொடங்கியும் மீளவில்லை. செவிநரம்பிலே கட்டி எதுவும் இல்லையென்பதை எம். ஆர். ஐ. படம் எடுத்து உறுதிசெய்தனர். சிறுவர்க்குக் கூகைக்கட்டு நோயின் பின் இவ்வாறு ஒரு செவி போவதும், பெற்றார் அதனை ஆண்டுக்கணக்கில் அறியாதிருப்பதும் உண்டு. திடீரென ஒரு காது அடைத்தாற்போலக் கேளாதுபோய், சளியினால் வந்தது தானே மாறிவிடும் என்று காத்திருப்பவர் எவரேனும் இதனை வாசிப்பாராயின், தயவுசெய்து காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.

ஒரு செவி போனால் கேள்வியில் பாதி போயிற்று என்று கணக்கிடுவோர் உளர். அந்தக் கணக்கு உண்மைக்குப் பொருந்தாது. அமைதியான அறையொன்றில் எதிரே அமர்ந்து ஒருவர் பேசினால் நான் இழப்பது மிகச் சொற்பம். ஆனால் அவரே எழுந்து என் இடப்பக்கம் வந்துவிட்டால், அவருடைய குரல் என் தலையைச் சுற்றிக்கொண்டு வலச்செவிக்கு வரவேண்டியதாகிறது. தாழ்ந்த சுருதியுடைய ஒலிகளுக்கு அலை நீளமானது. பாலத்தின் தூணைச் சுற்றிச் செல்லும் வெள்ளம்போல அவை தலையைச் சுற்றி வந்துவிடுகின்றன. உயர்ந்த சுருதியுடைய ஒலிகளுக்கு அலை குறுகியது. அவற்றைத் தலை மறித்துவிடுகிறது. ஒலிநூலார் இதனைத் தலையின் நிழல் என்பர். இந்நிழலில் அகப்பட்ட உயர்சுருதி ஒலிகள் 15, 20 தெசிபெல் அளவுக்கும் நலிந்துபோகின்றன. பேச்சிலே உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளிலும், ஒரு வல்லினத்தை இன்னொரு வல்லினத்திலிருந்து பிரித்துக்காட்டும் நுட்பங்கள் உயர்ந்த சுருதிகளிலும் தங்கியிருக்கின்றன. ஆகவே, இடப்பக்கம் நின்று பேசுபவரின் உயிர் என்னிடம் வந்து சேர்கிறது. மெய் வழியிலேயே நின்றுவிடுகிறது. அவர் சொன்னது கடையோ, சடையோ, தடையோ, படையோ என்று நான் ஊகித்தறிய வேண்டும். முப்பதாண்டு காலம் எழுத்திலக்கணம் படிப்பித்தவனுக்கு இப்படியொரு சோதனை வந்ததை எண்ணி நானே சில வேளை சிரித்துக்கொள்வேன்.

இதனினும் பெரிய இழப்பு, திசை தெரியாமற் போவது. ஒலி வலப்புறமிருந்து வந்தால் வலச்செவியைச் சற்று முந்தியும், இடச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. இந்த வேற்றுமை ஆகக்கூடினாலும் ஒரு செக்கனை ஆயிரமாக வகுத்ததில் ஒரு பங்கை எட்டாது. தாழ்ந்த ஒலிகளில் இக்கால வேற்றுமையையும், உயர்ந்த ஒலிகளில் நிழலினால் உண்டாகும் வலிமை வேற்றுமையையும் மூளை ஒப்பிட்டுத் திசையை அறிகிறதென்று பௌதிகவியலறிஞர் றேலி பிரபு 1907 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒப்பிட இரண்டு வேண்டும். எனக்கோ ஒன்றே உண்டு. வீட்டிலே கைத்தொலைபேசி மணியடித்தால் அறையறையாகத் தேடித்திரிவேன். தெருவில் முச்சக்கரவண்டி ஹோர்ண் அடித்தால் அது எனக்கு எப்போதும் வலப்புறத்திலேயே ஒலிக்கும்; வண்டியோ இடப்புறத்தில் உரசிக்கொண்டு போகும். கலியாண வீட்டுப் பந்தியிலே பத்துப்பேர் பேசும்போது ஒருவர் பேச்சைமட்டும் தெரிந்தெடுத்துக் கேட்கும் ஆற்றலும் இவ்வொப்பீட்டைப் பெரிதும் சார்ந்ததாதலின், அதுவும் குன்றிவிட்டது. கேள் என்னும் வினை செவிமடுப்பதற்கும் வினாவுவதற்கும் பொதுவாயிருப்பது நம் மொழியின் அழகு என்று வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். ஒன்று குறைந்தவிடத்து மற்றையது பெருகும் என்பதை இப்போதுதான் கண்டேன். “என்ன சொன்னீர்கள்?” என்று நான் ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

இனிக் கருவியின் சங்கதிக்கு வருவோம். அதன் தத்துவத்தை எனக்கு முதலில் விளக்கியது கருவியன்று, ஓர் இசைக்கவை. செவி போன முதல் வாரத்திலே வைத்திய நிபுணர் இசைக்கவையைத் தட்டி அதிரவைத்து, அதன் காம்பை என் இடக்காதின் பின்னுள்ள என்பிலே ஊன்றினார். எனக்கு நன்றாகக் கேட்டது. பின்னர் அதனை எடுத்து அதே காதின் துவாரத்துக்கு நேரே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஜேர்மனிய வைத்தியர் ரின்னே 1855 இல் வகுத்த பரிசோதனை இது. செவியில் நோயில்லாதவருக்கு என்பின் வழியிலும் பார்க்கக் காற்றின் வழி வரும் ஒலியே வலிதாகக் கேட்கும். என்பின்வழி நன்றாகக் கேட்டுக் காற்றின்வழி கேளாவிட்டால், நரம்பு நன்றாயிருக்கிறது, இடையிலே செவிப்பறையிலோ அதன் பின்னுள்ள சிற்றென்புகளிலோ தடை இருக்கிறது என்பது பொருள். அப்படியானாற் சத்திரசிகிச்சையாற் சீர்செய்யவுங்கூடும். ஆனால் நிபுணர் அதனை நம்பவில்லை. கவையை நெற்றியின் நடுவே ஊன்றி, “எந்தப் பக்கம் கேட்குது?” என்றார். வலப்பக்கம் என்றேன். நரம்பில் நோயுள்ள செவியைவிட்டு ஒலி நல்ல செவிக்கே செல்லும் என்பது வேபர் என்பவர் பெயரால் வழங்கும் பரிசோதனை. முதற் பரிசோதனை சொன்னது பொய் என்று அதனாலே தெளிவாயிற்று. இடக்காதின் பின்னால் ஊன்றிய கவையை நான் கேட்டது வலச்செவியாலேதான்.

இது எப்படி நிகழ்கிறது? நத்தையோடு போலச் சுருண்ட உட்செவிகள் இரண்டும் மண்டையோடு என்னும் ஒரே பேழையின் இரு புறத்தும் என்பினுள்ளே புதைந்திருக்கின்றன. காற்றின் வழியாக ஒரு காதில் விடும் ஒலி மண்டையோட்டைக் கடந்து மறுபக்கத்து உட்செவியை எட்டுவதாயின், 40 தெசிபெல் அளவோ அதற்கு மேலோ வலிமை கூடியிருக்கவேண்டும். என்பிலே நேராகக் கொடுக்கும் அதிர்வுக்கோ அத்தகைய தடை கிடையாது. ஒரு புறத்திற் கொடுத்தது மறுபுறத்திலே பெரிதும் குறையாமல் வந்து நிற்கும். இவ்வாறு வரும் அதிர்வும் காற்றால் வரும் ஒலியும் உட்செவியில் ஒரே விதமான இயக்கத்தையே உண்டாக்குகின்றன என்பதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பெக்கேசி 1932 இல் நிறுவினார். ஒன்றை மற்றொன்றால் முற்றாக அழித்துக் காட்டியதே அவர் தந்த சான்று. அன்று பரிசோதனையைப் பொய்க்கச் செய்த அந்தக் குறுக்கு வழியையே இக்கருவி தனக்குரிய பாதையாகக் கொண்டிருக்கிறது. கேளாத பக்கத்து ஒலியை வாங்கி, அதிர்வாக மாற்றி, அப்பக்கத்து என்பிலே கொடுத்தால், அது தலையின் நிழலைச் சுற்றாமல் ஊடறுத்துக்கொண்டு நல்ல செவியை அடைகிறது.

என்பால் ஒலி கேட்கலாம் என்பது பழைய செய்தி. பல்லிடையே கோலொன்றைக் கடித்துக்கொண்டு ஒலியைக் கேட்கலாமென்று 16 ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய வைத்தியர் கார்டானோ எழுதியிருக்கிறார். 1879 இல் சிக்காகோ நகரத்து ரோட்ஸ் என்பவர், மேற்பல்லிலே பொருத்திப் பிடிக்கும் விசிறி ஒன்றுக்கு உரிமைச் சாசனம் பெற்றார். ஆயினும் இக்கருவிக்கு வழிதிறந்தவை முயல்கள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். 1952 இல் சுவீடன் தேசத்துப் பிரனெமார்க், முயலின் காலென்பிலே குருதி ஓடும் விதத்தை ஆராய்வதற்காகத் தைத்தேனிய உலோகத்தாலான சிறு கூடொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றால் அது வரவில்லை. உயிருள்ள என்பு அவ்வுலோகத்தைத் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொண்டது. கழற்ற முடியாமற் போனதை இடையூறாக மட்டும் கொள்ளாமல், அதுவே பெரும்பேறென்று கண்டது அவருடைய மேதை. 1965 முதல் அந்த உலோகம் மனிதரின் தாடையிலே செயற்கைப் பல்லுக்கு வேராயிற்று. 1977 இல் கோத்தன்பேர்க் நகரிலே செல்ஸ்ரோம் என்னும் செவிவைத்தியர், காதின் பின்னுள்ள என்பில் அவ்வுலோக ஆணியை ஊன்றி, அதிலே கேட்கும் கருவியைக் கொளுவினார். புறச்செவியோ நடுச்செவியோ பழுதடைந்தவர்க்கே அது முதலில் உதவிற்று. ஒரு செவி முற்றாகப் போனவர்க்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2002 இலேதான் அனுமதி வழங்கியது.

ஆணி ஊன்றுமுன் பரீட்சித்துப் பார்க்க முடிவது இக்கருவியின் பெருஞ்சிறப்பு. சத்திரசிகிச்சை செய்தபின்னரே பயன் தெரியும் என்பது பெரும்பாலான உறுப்புகளின் விதி. இதிலோ, கருவியை ஒரு பட்டியிலே கோத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நாட்கணக்கிற் பழகிப் பார்க்கலாம். கொழும்பிலே செவிப்புலப் பரிசோதனை நிலையமொன்றில் அவ்வாறு இரண்டு வாரத்துக்கு இரவலாகத் தருவதை அறிந்து, வெள்ளவத்தையில் வசிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். கருவி தீப்பெட்டியிலும் சிறியது. அதனுள்ளே ஒலிவாங்கியும், மின்கலமும், அதிரும் பாகமும் அடக்கம். பட்டி தோலின்மீது இறுக அழுந்தவேண்டும். தளர்ந்தால் அதிர்வு கடத்தப்படாது. எனக்குப் பணிசெய்த செவிப்புலவியலாளர் என் மாணவியர் வயதுடைய இளம்பெண். கருவியை இயக்கியபின் அவர் என் இடப்பக்கம் போய் நின்று, மெதுவான குரலில் ஊர்ப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். மெய்யும் உயிரும் கூடியே வந்தன. பின்னர் என் வலக்காதை விரலால் இறுக அடைக்கச் சொன்னார். அடைத்தேன். அப்போதும் பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். “அப்பாவுக்கு இடக்காது கேட்குது!”

“இல்லை அக்கா,” என்றார் அந்தப் பெண். “இடக்காது கேட்கேல்லை. இடப்பக்கம் கேட்குது.”

பதினான்கு நாட்களில் நான் கண்டவையெல்லாம் அவ்விளம்பெண் சொன்ன இரண்டு வசனங்களுள் அடங்கும். காதின் துவாரத்தை அடைத்தாலும் என்புவழி வரும் அதிர்வு உட்செவிக்குச் செல்வதை எந்த விரலும் தடுக்காது. கேட்டது அதே வலச்செவிதான்.

கருவியோடு ஊர் திரும்பி, மறுவாரம் பாடசாலைக்குப் போனேன். எங்கள் வகுப்பறை நீளமானது. கரும்பலகையின் முன் நின்றால் யன்னலோரத்து வரிசைகள் என் இடப்புறத்தில் விழும். நான்கு ஆண்டுகளாக அவ்வரிசைகளில் உள்ளவர்களுக்குக் கையுயர்த்திவிட்டே பேசும்படி சொல்லியிருந்தேன். கருவி அணிந்த முதல்நாளே அங்கிருந்து குசுகுசுப்புக் கேட்டது. குசுகுசுப்பைக் கேட்டு மகிழ்ந்த ஆசிரியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உரையாசிரியர் ஒருவர் கொண்ட பொருளை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “அப்பிடியெண்டா அவன் ஏன் திரும்பி வந்தவன், சேர்?” என்று ஒரு குரல் இடைமறித்தது. நல்ல கேள்வி, அன்றைய பாடமே அதைப் பற்றி வளர்ந்தது. கையுயர்த்தி, அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து கேட்கும் கேள்விக்கு இந்தச் சூடு இருப்பதில்லை. ஆனால் குரல் வந்ததும் நான் திரும்பியது வலப்பக்கம். கேட்டவன் யன்னலோரத்தில் நின்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். இடப்புறத்து ஒலியெல்லாம் வலச்செவியிலேயே வந்து இறங்குவதால், கருவி திசையை மீட்டுத் தருவதில்லை. சில நாட் பழக்கத்தில், கருவிவழி வரும் குரலிலே சற்று உலோகத்தன்மை இருப்பதைக் கொண்டு, இது இடப்பக்கமாய் இருக்கலாம் என்று ஊகிக்கத் தொடங்கினேன். ஊகமே தவிர உணர்வில்லை.

இரைச்சலிலே கருவி துணையும் செய்யும், பகையும் செய்யும். பேசுபவர் இடப்புறத்திலும் இரைச்சல் வலப்புறத்திலும் இருந்தால் துணை. மாறியிருந்தால், அதுவரை தலையின் நிழல் மறைத்து வைத்திருந்த இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டுவந்து எனக்குள்ள ஒரே நல்ல செவியிலே கொட்டிவிடும். ஆசிரியர் அறையில் மின்விசிறி என் இடத்தோளருகே சுழல்கிறது. அங்கே கருவியை நிறுத்திவிட வேண்டியதாயிற்று. கோயிற் திருவிழாவில் தவிற்கூட்டம் இடப்புறமாக வந்தபோது கழற்றிச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டேன். நிழலும் சில வேளைகளில் நன்மைதான் என்று அன்று தோன்றியது. சைக்கிளில் எதிர்காற்று வீசினால் கருவியினுள்ளே புயல். தலையணையில் சாய்ந்தால், அல்லது கை பக்கத்திற் போனால், கீச்சென்று கத்தும். பட்டி அழுத்திய இடத்திலே மாலையில் நோவு. தோலையும் தசையையும் ஊடுருவும்போது உயர்சுருதிகள் 10 முதல் 15 தெசிபெல் வரை குறைந்துபோவதால், ஆணியிலே பொருத்தினால் இதனிலும் தெளிவாகக் கேட்கும் என்று முன்னரே சொல்லியிருந்தனர். இசையைப் பற்றி ஒரு வார்த்தை. இரு செவியாலும் கேட்டவருக்குக் கச்சேரி ஒரு மண்டபம்போல விரிந்து கிடக்கும்; ஒரு செவியால் கேட்பவருக்கு அது ஒரு யன்னல். கருவி அந்த யன்னலைத் துடைத்துத் தந்ததேயன்றி, மண்டபத்தைத் தரவில்லை. கூரையில் மழை பெய்தாலும் அப்படியே: ஒலி கூடியது, ஆனால் மழை முழுவதும் என் வலத்தோளிலேயே பெய்தது.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். ஒரு பக்கத்தில் ஆதாயம், மறுபக்கத்தில் நட்டம். பத்தாம் நாள்வரை இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே நின்றன. கணக்கைச் சாய்த்தது எங்கள் பழைய கார்.

இலங்கையில் வாகனங்கள் தெருவின் இடப்புறமாகச் செல்பவை. சாரதி ஆசனம் வலப்புறத்தில் உள்ளது. ஆகவே இடச்செவி போன சாரதிக்கு நல்ல செவி யன்னலுக்கும் காற்றுக்கும் வாய்க்கிறது. கேளாத செவி பக்கத்தில் இருப்பவருக்கு வாய்க்கிறது. தெருவின் வலப்புறம் ஓடும் தேசங்களில் என்னைப் போன்றவனுக்கு இத்துன்பம் இல்லை. அங்கே வலச்செவி இழந்தவனுக்கே இது. என் மனைவியார் முதல் சில மாதம் முன்னாசனத்தில் இருந்து பேசிப் பார்த்தார். நான் தெருவைப் பார்ப்பேனா, அவர் வாயைப் பார்ப்பேனா? பின்னர் அவர் பின்னாசனத்தில், எனக்கு நேர் பின்னே அமரத் தொடங்கினார். அங்கிருந்து பேசினால் வலப்புறம் ஓரளவு கேட்கும். கணவன் முன்னேயும் மனைவி பின்னேயுமாகப் போவதைக் கண்ட ஊரார், எங்களுக்குள் மனத்தாங்கல் என்று நினைத்திருப்பார்கள். நாளடைவில் பின்னாலிருந்தும் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒன்றை மூன்றுதரம் சொல்வதைவிடச் சொல்லாமலே விடுவது இலகு. சொல்லாமல் விட்ட சங்கதிகள் எத்தனை என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

கருவி வந்த பத்தாம் நாள் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போக நேர்ந்தது. அன்று அவர் முன்னாசனத்தில் ஏறினார். வலப்புறத்து யன்னற் கண்ணாடியை உயர்த்திவிட்டேன். நெல்லியடி கடக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பேசும் வழக்கம் போய்விட்டது போலும். பின்னர், “இஞ்சாருங்கோ, அந்த மதிலை இடிச்சுப்போட்டாங்கள்,” என்றார். எந்த மதில், யாருடைய வளவு, அவர்கள் எந்த நாட்டுக்குப் போனவர்கள், அங்கே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பேச்சுத் தொடர்ந்து, யாழ்ப்பாணம் வரும்வரை ஓயவில்லை. இயந்திர இரைச்சலில் சில சொற்கள் போயின. போனவற்றைத் திருப்பிக் கேட்டேன். அவர் சலிக்காமற் சொன்னார். சிறப்பான செய்தி ஒன்றும் அதில் இல்லை. நான்கு ஆண்டுகளாகக் காரில் நான் கேளாதிருந்ததெல்லாம் இத்தகைய சிறப்பில்லாத பேச்சுத்தான்.

யாழ்ப்பாணத்து மனைவியர் கணவரை அழைக்கும் அந்த ‘இஞ்சாருங்கோ’ என்னும் சொல்லைப் பற்றி அன்று இரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ‘இங்கே பாருங்கள்’ என்பது அதன் விரிவு. வீட்டிலே எங்கிருந்தோ அக்குரல் எழும்போது, கருவியின் உதவியால் இப்போது எனக்குக் கேட்கிறது. ஆனால் அந்த ‘இஞ்சை’ எங்கே என்று தெரிவதில்லை. கிணற்றடியா, அடுக்களையா, முற்றமா என்று நான் திகைத்து நிற்பேன். காரிலே அந்தத் திகைப்பு இல்லை. அங்கே அவர் இருக்கக்கூடிய இடம் ஒன்றே. பேசுபவர் எங்கே என்பது முன்னரே தெரிந்திருந்து, பேச்சுமட்டும் எட்டாதிருக்கும் இடங்களில் இக்கருவி முழுப்பயனும் தருகிறது. வகுப்பறை அத்தகைய இடம். கார் அத்தகைய இடம். கூட்டத்தில் தலைவரின் பக்கத்து நாற்காலி அத்தகைய இடம். தெரு அத்தகையதன்று. தெருவிலே இதனை நம்பி நடப்பவர் முன்னிலும் கூடிய ஆபத்துக்குள்ளாகலாம் என்றே கருதுகிறேன். ஒலி முன்னிலும் பலமாகக் கேட்கிறது, திசையோ முன்போலவே தெரியவில்லை.

வேறு வழிகளும் ஆராய்ந்தேன். கேளாத காதிலே ஒலிவாங்கியை வைத்து, அது வாங்கும் ஒலியை நல்ல காதிலுள்ள மற்றொரு கருவிக்கு அனுப்பும் முறையை அமெரிக்காவில் ஹார்போர்ட், பரி என்னும் இருவர் 1965 இல் வெளியிட்டனர். இன்று அது கம்பியின்றி நடைபெறுகிறது, சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. பலருக்கு அதுவே போதும். எனக்கோ, எஞ்சியிருக்கும் ஒரே நல்ல காதில் எதையும் சொருகிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. உட்செவியினுள்ளே மின்வாய்களைச் செலுத்தும் சிகிச்சை ஒன்றே கேளாத செவியைக் கேட்கச் செய்வது. ஓரளவு திசையையும் மீட்பது. ஒரு செவி இழந்தோர்க்கு அதனை அமெரிக்கா 2019 இல் அனுமதித்திருக்கிறது. ஆனால் அதன் செலவும், மாதக்கணக்கான பயிற்சியும் என் வயதுக்கும் வருவாய்க்கும் ஏற்றவையல்ல. என்பு வழிக் கருவியின் விலையே ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். மகளும் மருமகனும் பங்கெடுக்க முன்வந்தனர்.

பதினைந்தாம் நாள் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தச் செவிப்புலவியலாளர் என் கொப்பியை வாங்கி முழுவதும் வாசித்தார். “நட்டப் பக்கத்தில கூட எழுதியிருக்கிறீங்கள், சேர். அப்ப வேண்டாமா?” என்றார். நான் பதில் சொல்லுமுன் மனைவியார், “வேணும்,” என்றார். அவர் என் இடப்பக்கத்தில் அமர்ந்திருந்தார். கருவியை நான் கழற்றி மேசையில் வைத்துவிட்டபடியால், அவர் சொன்னதை மகள்தான் எனக்குச் சொன்னாள்.

சத்திரசிகிச்சை சிறியது, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்கிறார்கள். ஊன்றும் ஆணி மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர் நீளமுடையது. அதன் தலை தோலுக்கு வெளியே நிற்பதால், சுற்றிலுமுள்ள தோலை நாள்தோறும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும், தவறினால் புண்படும். அடுத்த பாடசாலை விடுமுறைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முயலின் என்பைப்போல என் என்பும் அந்த உலோகத்தைப் பற்றிக்கொள்ள வாரங்கள் பல செல்லும். அதுவரை கருவியை அதிலே மாட்டலாகாது. அந்த வாரங்களில் மனைவியார் காரின் பின்னாசனத்திலேயே வருவார்.